உன்னைப் படமெடுக்க வந்திருக்கிறார்கள், மாப்பிள்ளை

என் ஆசை மாப்பிள்ளை சேகருக்கு,

போன இடத்திலும் திரைக்குப் பக்கத்திலேயே சீட்டுப் பிடித்திருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் மகள் நர்சிங் சேர்ந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பினாள். மூக்கு அப்படியே உன் மூக்கு. என் தங்கச்சி தனம் அதை செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்போது பெரிய செய்திக்கு வருகிறேன். நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் சினிமா ஷூட்டிங் நடக்கிறது. சிரிக்காதே, நிஜமாகத்தான். கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகிற வழியில், கல்வராயன் மலை பின்னால் தெரிகிற மாதிரி, ஒரு தெருவையே செட்டாகப் போட்டிருக்கிறார்கள். கதை என்ன தெரியுமா? நீங்கள்தான். விஷச்சாராயத்தைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வீடு வரிசையாகப் போனீர்களே, அந்தக் கதை.

கேள்விப்பட்ட அன்றைக்கே என் மோட்டார் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேமரா, குடை, ஜெனரேட்டர் வண்டி என்று எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி வந்தேன். புதிதாகக் கட்டிய சுவருக்கு ஒருவன் ஏணியில் ஏறி நின்று அழுக்குப் பூசிக்கொண்டிருந்தான். “நம்ம தெருவுக்கு வந்திருந்தா சும்மாவே கெடைச்சிருக்குமே மச்சான்” என்று நீ சொல்வது போலவே இருந்தது. அப்புறம் கதாநாயகன் வேனிலிருந்து இறங்கினார். உன்னுடையது மாதிரியே கட்டம் போட்ட லுங்கி. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

நாம் பார்க்காத படமா, சொல்லு. ஞாயிற்றுக்கிழமையானால் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு மேட்னி போவோம். இடைவேளையில் ஆளுக்கொரு பன்னீர் சோடா. சோகக் காட்சி வந்தால் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுவாய். கேட்டால் “வேர்வைடா” என்பாய். கரும்பு சீசனில் மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும்போது மற்ற டிரைவர்களை உட்கார வைத்துக் கதை சொல்வாய். சண்டைக் காட்சிக்கு நீயே வாயால் சத்தம் போடுவாய். வரிசை நகர்ந்தால்கூட எவனும் எழுந்திருக்க மாட்டான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தானாகச் சிரிப்பு வருகிறது.

ஒரு தடவை, எங்கோ ஒரு ஊரில் வெள்ளம் வந்து ஜனங்கள் செத்ததைப் பற்றி ஒரு படம் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே பார்த்தோம். வெளியே வந்ததும் “சும்மா சொல்லக்கூடாது மச்சான், தண்ணி வர்ற சீன்ல மெரட்டிட்டான்” என்றாய். நானும் தலையாட்டினேன். அந்த ஊர்க்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்களா, பாதியில் எழுந்து போயிருப்பார்களா என்றெல்லாம் நமக்குத் தோன்றவே இல்லை. இப்போது தோன்றுகிறது. எத்தனை வருஷம் கழித்து எடுத்திருந்தால் அவர்களுக்குச் சரியாக இருந்திருக்கும்?

இந்த டைரக்டர் சின்ன வயசு. மரியாதையான பிள்ளை. முதலில் தெருவுக்கு வந்து ஒவ்வொரு வீட்டிலும் கேட்டார். தனம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றே பதில் சொன்னாள். “வேற பேரு வெச்சிக்கோங்க. எங்க வூட்டுக்குள்ள எடுக்க வேணாம். மத்தது உங்க இஷ்டம்.” அவ்வளவோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் படத்தில் கூட்டமாக உட்கார நம் தெருப் பெண்களையே கூப்பிட்டபோது, எதிர்வீட்டு மல்லிகா வந்து நின்றாள். அவள் புருஷனும் உன்னோடு போனவன்தான். “நாம போவலன்னா வேற எவளோ வந்து நமக்காக அழுவா. அதுக்கு நாமளே போயி உக்காரலாம், வா” என்றாள். தனம் போனாள். துணைக்கு நானும் போனேன்.

அன்றைக்கு எடுத்தது வருஷப் படையல் காட்சி. செட் போடுகிறவர்கள் டீக்கடையில் விசாரித்திருக்கிறார்கள். செத்தவருக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதெல்லாம் வைப்போம், குடிக்கிறவராக இருந்தால் அதையும் வைப்போம் என்று யாரோ பெரியவர் சொல்லியிருக்கிறார். தப்பில்லை. எங்கள் அப்பா படையலுக்கு குவார்ட்டர் பாட்டில் வாங்கி வந்தவனே நீதானே. இலை முன்னால் வைத்துவிட்டு, “மாமா, சுண்டல் இருக்குது, நிதானமா சாப்புடுங்க” என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய்.

இங்கேயும் தலைவாழை இலை போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றி, பீடிக் கட்டு வைத்து, பக்கத்தில் ஒரு சாராயப் பாக்கெட்டையும் வைத்திருந்தார்கள். உள்ளே வெறும் தண்ணீர்தான். பெண்களைச் சுற்றி உட்காரச் சொல்லி, அழச் சொன்னார்கள். ஒருத்தியும் அழவில்லை. எல்லோரும் அந்தப் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்லிகா சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

டைரக்டர் ஓடி வந்தார். “என்னம்மா, தப்பா வெச்சிட்டோமா? இந்தப் பக்கத்து வழக்கம்னு சொன்னாங்களே.”

“வழக்கந்தான் சார்” என்றாள் தனம். “ஆனா எங்க வூட்ல நான் வெக்கல.”

மல்லிகா அவள் பக்கம் திரும்பினாள். “நீயும் வெக்கலியா?”

“இல்லக்கா. சோடா வெச்சேன்.”

“எங்க மாமியா வெச்சே ஆவணும்னு ஒத்தக் கால்ல நின்னுது. நான் மோர ஊத்தி வெச்சிட்டு வந்துட்டேன்” என்றாள் மல்லிகா.

“நான் டீ வெச்சேன். அதுவும் அவருக்குப் புடிக்கும் இல்ல?” என்றாள் ஒருத்தி. “நான் ஒண்ணும் வெக்கல. அந்த எடத்த அப்பிடியே வுட்டுட்டேன்” என்றாள் கடைசியில் உட்கார்ந்திருந்தவள்.

அந்தப் பன்னீர் சோடாவை வாங்கி வந்து கொடுத்தவனே நான்தான். நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று அதுவரை நினைத்திருந்தேன். பார்த்தால் தெரு முழுக்க அப்படித்தான் நடந்திருக்கிறது. ஒருத்திக்கொருத்தி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அடுத்தவள் வீட்டில் என்ன வைத்தாள் என்று கேட்கிற தைரியம்கூட இல்லாமல் இத்தனை நாள் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்திருக்கிறார்கள். மல்லிகாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எல்லோருக்கும் வந்தது. அப்படியே அழுகையும் வந்தது. கேமராக்காரர் டைரக்டரைப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அந்தப் பிள்ளை மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

சாயங்காலம் அதே பிள்ளை தனத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் தயங்கினார். “அக்கா, ஒண்ணு கேக்கலாமா? ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வேன்ல அண்ணன் உங்ககிட்ட ஏதோ பேசினாருன்னு சொன்னாங்க. அது என்னன்னு தெரிஞ்சா, இந்தப் படத்துக்கே அதான் உயிர்.”

மாப்பிள்ளை, எனக்கும் அது வேண்டியிருந்தது. அன்றைக்கு நான் பைக்கில் பின்னால்தான் வந்துகொண்டிருந்தேன். நீ பேசினாய் என்பது மட்டும்தான் தெரியும். என்ன பேசினாய் என்று அவளிடம் கேட்க ஒரு நாளும் வாய் வரவில்லை. எனக்கு ஏதாவது சொல்லியிருப்பாயோ என்று எத்தனை தடவை நினைத்திருப்பேன். தொலைவில் நின்றவன் இரண்டடி கிட்டே போனேன்.

தனம் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“பேசினாரு சார். இப்பவும் கண்ண மூடினா அவரு கொரல்லயே கேக்குது. உங்க நடிகரு அத நல்லாத்தான் பேசுவாரு. ஆனா அவரு வாயால ஒரு தரம் கேட்டுட்டேன்னா, அப்புறம் எனக்கு எங்க வூட்டுக்காரரு கொரலு வருமா? அந்த நடிகரு கொரல்தான வரும்? இன்னும் கொஞ்ச நாளைக்கு அது எங்கிட்டயே இருக்கட்டும் சார்.”

அவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. “அப்ப அந்த எடத்துல என்னக்கா வெக்கிறது?” என்று கேட்டார். “வண்டி போற சத்தத்த வெச்சிக்கோங்க” என்றாள்.

படம் எடுக்க இவ்வளவு சீக்கிரம் வந்திருக்கக்கூடாதோ? எனக்குத் தெரியவில்லை. இவர்கள் வராமல் இருந்திருந்தால் அந்தப் பெண்கள் என்றைக்கு வாய் திறந்திருப்பார்கள் என்றும் தெரியவில்லை. நீ இருந்தால் இதை வைத்து ஆலை வாசலில் ஒரு பட்டிமன்றமே நடத்தியிருப்பாய். இரண்டு பக்கமும் நீயே பேசியிருப்பாய்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. தனம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மலை மேல் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, அவரு இன்னா சொன்னாருன்னு உனுக்குச் சொல்லட்டா?”

நாக்கு நுனிவரை வந்துவிட்டது, மாப்பிள்ளை. சொல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“வேணாம்மா. எனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி” என்றேன்.

சிரித்துவிட்டாள். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படம் வெளிவரும். முதல் நாள் முதல் காட்சிக்குப் போவேன், உனக்காக விசிலும் அடிப்பேன். அந்த வேன் வரும், சத்தம் மட்டும் கேட்கும். நீ என்ன சொல்லியிருப்பாய் என்று அப்போது நான் மனதுக்குள்கூட ஊகிக்க மாட்டேன். இது உன் மேல் சத்தியம். நீ அவளிடம் சொன்னது அவளுக்குத்தான்.

உன் கூட்டாளியாக இருந்து மச்சானாக ஆனவன்,
முருகேசன்