தலைக்கு மேல் அசைத்த துணி

அலாஸ்கா, நம் வீடு
மார்ச் 9, 1983

அன்பு மகள் கோரினுக்கு அம்மா எழுதுவது. நான் நடமாட்டமாக இருக்கிறேன், விறகும் உப்புப் போட்ட சால்மன் மீனும் வசந்தம் வரை வரும். நீயும் மாப்பிள்ளையும் புளோரிடா வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். கூரையில் ஏறிய பனியை நானே தள்ளினேன், தோள்பட்டை பிடித்துக்கொண்டது. கோழிகளில் இரண்டை நரி தூக்கிப் போய்விட்டது, போகட்டும்.

அப்பா இறந்துபோனதைப் பற்றி முன்பு எழுதியபோது, பனிச்சரிவால் அன்றைக்கு ரயில் வரவில்லை என்றேன். அது பொய். ரயில் வந்தது. புதன்கிழமை அடிவயிறு வலிக்கிறது என்று சுருண்டவர், மறுநாள் காலை நெருப்பாய்க் கொதித்தார். அந்த வியாழக்கிழமை வண்டியை விட்டால் அடுத்த வியாழன்தான், பக்கத்து வீடோ பதினோரு மைல். வண்டியை நிறுத்த, பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். உனக்குத்தான் தெரியுமே, முழங்கால் உயரத்தில் இப்படியும் அப்படியும் வீசினால் வண்டியை நிறுத்து என்று அர்த்தம், தலைக்கு மேல் ஆட்டினால் சும்மா வணக்கம். அன்றைக்கு இடுப்பளவு பனி, கீழே வீச இடமேது? தண்டவாளத்துக்கு முப்பதடி இருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. தலைக்கு மேல் தூக்கிப் பைத்தியக்காரி மாதிரி ஆட்டினேன், கத்தினேன். ஓட்டுநர் வெண்டெல், இருபது வருஷமாக அதே துணியை ஆட்டி வணக்கம் சொல்லும் என்னைத்தான் பார்த்தார். எப்போதும்போல இரண்டு ஊதல் ஊதிவிட்டுப் போய்விட்டார்.

உன் அப்பா எத்தனை தடவை கேலி செய்திருப்பார், "கையக் கீழ போடுடி, அந்த ஆளு வண்டிய நிறுத்தித் தொலச்சிடப் போறான்" என்று! உள்ளே போனால், ஊதல் சத்தம் கேட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "நின்னுடுச்சா?" என்று கேட்டார். மற்றக் கால் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார்.

அடுத்த வியாழன் தண்டவாளத்தின் நடுவிலேயே போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் வெண்டெல் பனியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து நான் துணியை எடுக்காவிட்டாலும் வாரா வாரம் நிறுத்துகிறார். "இனிமே உங்க துணிய நம்பமாட்டேன்க்கா, நீங்களே வந்து போடான்னு சொன்னாத்தான் வண்டிய எடுப்பேன்" என்கிறார். அவர்மேல் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அதைச் சொல்ல வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டுகிறேன், கிளம்பிப் போகிறார். நாளைக்கு இந்தக் கடிதத்தையும் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

மண் இன்னும் உறைந்து இரும்பாகத்தான் இருக்கிறது. அப்பாவைக் கொட்டகையில் கம்பளி போர்த்தி, மேலே பலகை போட்டு வைத்திருக்கிறேன். மே மாதம் குழி தோண்டலாம், அதற்கு வந்துவிடு.

கடவுள் உங்கள் இருவரையும் எந்தக் குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். மே மாதம்தானே என்று கம்பளிக் காலுறையை விட்டுவிட்டு வராதே. இன்னொன்று, நீ இங்கே இறங்கியதும், வண்டி நகரும்போது, சின்ன வயதில் செய்வாயே, அதுபோலத் தலைக்கு மேல் கையைத் தூக்கி வெண்டெலுக்கு ஆட்டு. என் கை எழ மாட்டேன் என்கிறது.

உன் அம்மா
டெல்ஃபின்