நாக்கை மடித்துப் பேசிய நைனா

நைனா,

இன்று காலை அம்மாவின் போன் வாயைத் திறக்கவில்லை. அவளுக்குத் துணையாக நான் இங்கே தங்கியிருக்கும் இந்த ஒரு மாதமாகப் பால் பொங்கும் நேரத்துக்குச் சமையலறை அலமாரியிலிருந்து ஓர் ஆண்குரல் கிளம்பும். "என் அன்பு மகளே" என்று அது ஆரம்பிக்கும்போது நான் குளியலறையில் இருந்தாலும் எனக்குக் கை நின்றுவிடும். இன்று காபி ஆறும்வரை காத்திருந்தேன். சத்தமே இல்லை. போன் உப்புச் சாடிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது.

அந்தக் குரல் உன்னுடையது என்று எல்லாரும் சொன்னார்கள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே நம்பிவிடுவேனோ என்று பயந்துபோயிருந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உனக்கு அந்தப் போனை வாங்கித் தந்ததே நானும் தங்கச்சி சின்னவளும்தான். மேல்மலையனூர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தது போதும் என்று நீ வீட்டோடு வந்து உட்கார்ந்த வருடம் அது. பையை மாட்டிய தோள் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று புலம்பினாய். சரி, கைக்காவது வேலை இருக்கட்டும் என்று வாங்கினோம். முதல் வாரம் முழுவதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். நீ பேசினால் அது எழுதும் என்று காட்டியபோது உனக்கு நம்பிக்கையே வரவில்லை.

"இதுக்குள்ள யாரு குந்திக்கினு எழுதறாங்க?" என்றாய்.

யாரும் இல்லை, அதுவே கேட்டு எழுதும் என்றேன். உடனே சின்னவளுக்கு ஒரு செய்தி சொன்னாய். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. 'மழை வருது, துணிய எடு' என்றுதான் நீ சொல்ல நினைத்தாய். போன் எழுதியது 'மலை வருது துணிய எடு'. நம் ஊர்க் கோட்டை மலைகளின் பெயரைச் சொல்லி மாடியிலிருந்தே கத்தினாள் அவள்: "எந்த மலை நைனா? ராஜகிரியா, கிருஷ்ணகிரியா?"

"ரெண்டும்தாம்மா வருது. சீக்கிரம் எடு," என்றாய் நீ, கொஞ்சமும் அசராமல்.

ழகரம் உன் வாயில் ஒருநாளும் நின்றதில்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் நான். என் வீட்டிலேயே பழம் பலமாகவும் மழை மலையாகவும் இருந்தன. "நாக்க மேல மடி நைனா, ழ, ழ" என்று உன் எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டுவேன். நீ பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நாக்க மடிச்சா அப்புறம் விசில் ஊத வராதும்மா," என்பாய். அதற்கு மேல் எந்த இலக்கணமும் உன்னிடம் செல்லாது.

வீட்டைவிட்டு யார் கிளம்பினாலும், பரீட்சைக்கோ வேலைக்கோ புகுந்த வீட்டுக்கோ, தலையில் கை வைத்து நீ சொல்வது ஒன்றுதான்: "நல்லா வாலும்மா." நாங்கள் இரண்டு பேரும் ஒரே மூச்சில் திருப்பிச் சொல்வோம்: "ஏற்கனவே வாலுதான் நைனா." என் கல்யாணத்தன்றுகூட அழுதுகொண்டே அதைச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள்.

குரல்செய்தி அனுப்பக் கற்றுக்கொடுத்ததுதான் பெரும்பாடு. மைக் படத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டே பேச வேண்டும். நீயோ ஒரு அமுக்கு அமுக்குவாய், விரலை எடுப்பாய், அப்புறம் நிதானமாகப் பேச ஆரம்பிப்பாய். எங்களுக்கு வந்து சேருவது ஒரு நொடி மூச்சும் ஒரு 'டக்'கும்தான். விரலை எடுக்காதே என்று எத்தனையோ முறை சொன்னேன்.

"விசில் ஊதிட்டுத்தாம்மா பேசணும். ஊதிக்கினே யாராச்சும் பேசுவாங்களா?"

வாழ்நாளெல்லாம் கண்டக்டராக இருந்தவனின் வாதம் அது. சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். நீ எங்களைவிட்டுப் போய்ச்சேர்ந்த பிறகு ஒரு மத்தியானம் அந்தச் செய்திகளை எல்லாம் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். மூச்சு, டக். மூச்சு, டக். ஒன்றில் மட்டும் பஸ் ஆரன். உன் சொல் ஒன்றுகூட அதில் மாட்டவில்லை. படம் பிடிப்பது எப்போதும் நீயாகவே இருந்ததால் வீடியோக்களில் உன் கட்டைவிரல்தான் இருக்கிறது. இத்தனை போன்கள் இருக்கும் வீட்டில் உன் குரல் எங்கேயும் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் காதில் இருக்கிறதே, அது போதும் என்று தேற்றிக்கொண்டேன்.

போன மாதம் சின்னவளுக்குக் கல்யாணம் ஆனது நைனா. திருவண்ணாமலை ரோட்டில் மண்டபம். மாலை வரவேற்பில் நான் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தேன். மேடைக்குப் பக்கத்தில் பெரிய திரை. திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டு, "இப்போது மணமகளின் தந்தை உங்களிடம் பேசுவார்," என்று மைக்கில் சொன்னார்கள். யாரோ மாப்பிள்ளையின் அப்பாவைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பினேன்.

திரையில் நீ இருந்தாய்.

நீ வேலையைவிட்ட அன்று கழுத்தில் மாலையோடு எடுத்த போட்டோ அது. அதில் நீ இமைத்தாய். சிரித்தாய். உன் முன்பல் ஒன்று விழுந்து எத்தனை வருடம் ஆகிறது. திரையில் வரிசையாக எல்லாப் பல்லும் இருந்தது. பிறகு வாயைத் திறந்து பேசினாய். "என் அன்பு மகளே, மணமக்கள் இருவரும் நீடூழி வாழ்க. நான் வானத்திலிருந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகிழ்ச்சியோடு வாழுங்கள்."

நீடூழி, வாழ்க, மகிழ்ச்சி. ஒவ்வொரு ழகரமும் அப்படித் துல்லியமாக வந்து விழுந்தது. நான் வருடக்கணக்காக வாயைப் பிளந்து காட்டியும் உனக்கு வராத ழகரம். என் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து புடவையெல்லாம் சந்தனம். செத்தவன் வந்து பேசினால் பயப்படுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் பயந்தது வந்தவன் நீ இல்லை என்பதால்.

மண்டபமே அழுதது. அழுதுகொண்டே எல்லாரும் தங்கள் போனைத் தூக்கித் திரையைப் படம் பிடித்தார்கள். முன்வரிசையில் அம்மா எழுந்து நின்றாள். நீ டூட்டி முடிந்து வீட்டுக்குள் வரும்போது செய்வாளே, அதேபோல முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். திரையைப் பார்த்து, "இன்னாய்யா, சாப்டியா?" என்றாள்.

அது பதில் சொல்லவில்லை. வானத்தைப் பற்றியே பேசிக்கொண்டு போனது.

சின்னவள் எனக்குக்கூடச் சொல்லாமல் செய்த ஏற்பாடு. அவளைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. நீ இல்லாமல் மாலை போட்டுக்கொள்ள அவளுக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்த வீடியோ அம்மாவின் போனில் குடியேறிவிட்டது. காலையில் ஒரு தரம், விளக்கு வைத்த பிறகு ஒரு தரம். அனந்தபுரத்து அத்தை போன் செய்து, "எங்கண்ணன் குரல் அப்பிடியே இருக்குது," என்று தேம்பினாள். கூடப் பிறந்தவள் அவள். அவளுக்கே அப்படி.

ஒருநாள் பள்ளிக்கூடம் முடிந்து பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது உன்னை நினைத்தேன். 'மலைனூர் மலைனூர் மலைனூர்' என்று நீ கூவுவாயே, அதைக் காதுக்குள் வரவழைக்கப் பார்த்தேன். வரவில்லை. வந்தது அந்த வீடியோக் குரல். அது மேல்மலையனூரைச் செய்தி வாசிக்கிறமாதிரி முழுசாகச் சொன்னது. ஜூஸ் கடை வாசலில் அப்படியே நின்றுவிட்டேன். வேறெங்கும் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்த உன் குரல்மேல் யாரோ வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

அங்கிருந்து நேராக வீடியோ செய்த அமீன் அண்ணன் ஸ்டுடியோவுக்குப் போனேன். யார் குரல் இது என்று கேட்டேன்.

"உங்க நைனா வாய்ஸ் கெடைக்கலம்மா," என்றார் அவர். "தங்கச்சி குடுத்தது எல்லாமே வெறும் மூச்சுதான் இருக்குது. ஏஐ சாஃப்ட்வேர்லயே 'வயதான ஆண்'னு ஒரு குரல் வருது, அத போட்டுட்டேன். போட்டோ குடுத்தா வாய் அசைச்சிக்கும். எழுதிக் குடுத்தா பேசிக்கும். எத்தனையோ பேர் பேசனத கேட்டுக் கத்துக்கினு இருக்குது. எல்லாத்தயும் கலந்து ஒண்ணா பேசுது."

எத்தனையோ பேர். அதில் நீ மட்டும் இல்லை. ஒரு அப்பா கல்யாணத்தில் என்ன பேசுவார் என்று அது கணக்குப்போட்டுப் பேசியிருக்கிறது, அதற்கு நாங்கள் மண்டபம் கொள்ளாமல் அழுதிருக்கிறோம். எனக்குக் கோபமா சிரிப்பா என்றே தெரியவில்லை. அமீன் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் அப்பாவைப் பற்றி மெதுவாகச் சொன்னார்: "எங்க அத்தாவுக்கும் ஒண்ணு செஞ்சி வெச்சிருக்கேன்மா. ஒருவாட்டி பாத்தேன். அப்புறம் தொறக்கல."

அம்மாவிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தினமும் அந்தப் போனிடம் 'சாப்டியா' என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

தாலி பிரித்துக் கோர்க்க வந்திருந்த சின்னவளும் மாப்பிள்ளையும் நேற்று சென்னைக்குக் கிளம்பினார்கள். நானும் அம்மாவும் பஸ் ஏற்றிவிடப் போனோம். மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டம். ஸ்பெஷல் பஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஏறும் முன் சின்னவள், "அம்மா, நைனாவ ஒருவாட்டி போடும்மா, ஆசீர்வாதம் வாங்கிக்கினு ஏறறேன்," என்றாள். அம்மா போட்டாள். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. நீ வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாய். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

அவசரத்தில் சின்னவள் அம்மா காலைத் தொட்டுவிட்டு என் காலுக்குக் குனிந்தாள். 'நல்லா வாழும்மா' என்று சொல்லத்தான் தலையில் கை வைத்தேன். நாக்கு மடியவே இல்லை நைனா.

"நல்லா வாலும்மா," என்றேன்.

"ஏற்கனவே வாலுதான் நைனா," என்றாள் அவள், நிமிர்வதற்கு முன்பே. சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. என்னைப் போய் நைனா என்கிறாள்! அந்த ஒரு சொல்லில் நீ உன் முன்பல் சந்தோடும், கரகரப்போடும், தோள்பையோடும் எனக்குத் திரும்பி வந்திருந்தாய். 'மலைனூர் மலைனூர்' என்று கூவிக்கொண்டே வந்தாய்.

அம்மா என்னையே பார்த்தாள். அவள் கையில் வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து அதைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இதாண்டி உங்க நைனா," என்றாள். போனை என் பக்கம் நீட்டினாள். "இவன் யாருடி?"

வீட்டுக்கு வந்ததும் போனை உப்புச் சாடிக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு உலை வைத்தாள்.

இன்று வகுப்பில் ழகரப் பாடம். நாக்கை மடி, மேலே தொடாதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். நாளையும் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் உன் 'வாழும்மா'வை இனி நான் எழுத்தில் மட்டும்தான் சரியாக எழுதுவேன். வாயால் சொல்ல வேண்டிவந்தால் நீ சொன்னமாதிரியேதான்.

இப்படிக்கு,
உன் பெரிய வாலு