மைக்கை எங்கே வைப்பது

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். மாடி ஸ்டூடியோ ஜன்னல் இடுக்குகளில் பழைய போர்வையைத் திணித்தேன். கொடியில் போட்ட துணி மூன்று நாளாகக் காயவில்லை.

மதினியின் டபுள் பாஸ் ரெக்கார்டிங். அவளே போட்ட மெட்டு, நாலு நிமிஷம். வயலின் மாதிரி, ஆனால் ஆளுயரம். நின்றபடி உடம்பின்மேல் சாய்த்துக்கொண்டு வாசிக்க வேண்டும். சென்னையில் படிக்கும்போது கற்றது. இப்போது அவளுக்கு ஏழாம் மாதம். குழந்தை பிறந்தால் எப்போது முடியுமோ, அதனால் இந்த வாரமே.

மைக் வைத்துப் பார்த்த இடங்கள்:
– முன்பலகைத் துளைக்கு எதிரே: குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஒரே கும்.
– கழுத்துப் பக்கம்: விரல் உரசல் அழகு. அடிச்சத்தம் இல்லை.
– கம்பிகளைத் தாங்கும் கட்டையிலிருந்து ஒரு முழம் தள்ளி: முன்பெல்லாம் தேன். இன்று சவசவ.

ஜூலை 9, புதன்

சின்ன மைக்கை ஸ்பாஞ்சில் சுற்றிக் கட்டைக்கு அடியில் செருகினேன். கம்பி கேட்கிறது, மரம் கேட்கவில்லை. இரண்டு மைக்கையும் சேர்த்தால் ஒன்றின் அடிச்சத்தத்தை இன்னொன்று தின்கிறது. ஒன்றின் ஃபேஸை, அதாவது ஒலியலையை, தலைகீழாகத் திருப்பிப் போட்டேன். கொஞ்சம் பரவாயில்லை. கொஞ்சம்தான்.

கீழிருந்து அம்மா: "ஏட்டி, பிள்ளத்தாச்சிய எவ்வளவு நேரம் நிக்க வைப்ப?"

எல்லையில் ராணுவத்தில் இருக்கும் அண்ணன் போன். "உன் மதினி சாப்பிட்டாளா?" நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை, தடியன்.

ஜூலை 10, வியாழன்

கோளாறு மைக்கில் இல்லை. ஒயரைச் சரிசெய்யக் குனிந்தபோது பார்த்தேன். பாஸுக்கும் மதினி வயிற்றுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. இடது கையால் தள்ளிப் பிடித்துக்கொண்டு எட்டி எட்டி, விரல் நுனியால் வாசிக்கிறாள். சத்தத்துக்குப் பலம் எங்கிருந்து வரும்?

"ஏன் மதினி இப்படிப் பிடிக்கீங்க?"

வெகுநேரம் கம்பியைத் துடைத்தாள். "போன தடவ, வாசிச்ச அன்னைக்குத்தானட்டி கலைஞ்சுது."

போன வருஷம். இதே அறை. நானும் இருந்தேன். இத்தனை நாளும் இதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் மைக்கை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

மாலை தென்காசிக்குக் கூட்டிப்போனேன். வாசித்ததால்தான் கலைந்ததா என்று நான்தான் கேட்டேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது நீங்க வாசிச்சதால ஆனதில்லம்மா. இப்பவும் தாராளமா வாசிங்க. உக்காந்து வாசிங்க, அமுக்காம லேசா சாய்ச்சுக்கிடுங்க. போதும்."

ஆட்டோவில் மேலகரம் வரை அழுதாள். அப்புறம், "பசிக்குதுட்டி." புரோட்டா: எனக்கு இரண்டு, அவளுக்கு நாலு.

ஜூலை 11, வெள்ளி

கொஞ்சம் வெயில். உயரமான ஸ்டூல். முதுகுக்கு அம்மா கொடுத்த தலையணை. ஒரே மைக், ஒரு முழத்தில்.

மதினி கண்ணை மூடி, பாஸை மெல்ல உடம்பின்மேல் சாய்த்துக்கொண்டாள். முதல் சுரம் ஹெட்போனில் வந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கம்பி, விரல், மரம், எல்லாம்.

மூன்றாவது டேக் பாதியில் சட்டென்று நிறுத்தினாள். பக்கத்து அறையிலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டு அவளிடம் ஓடினேன்.

"என்ன மதினி? வலிக்குதா?"

"இல்லட்டி. உதைக்குது."

அதே சுரத்தை மறுபடி வாசித்தாள். காத்திருந்தாள். "ஏட்டி, இன்னொண்ணு!" சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

ரெக்கார்டிங்கை நிறுத்தத் திரும்பினேன்.

"அது பாட்டுக்கு ஓடட்டும். நான் முதல்ல இருந்து வாசிக்குதேன்."