எனக்கு எழுதிய சொற்கள் சம்பத்தின் படிவத்துக்குப் போனது குறித்து

அனுப்புநர்:
சூ. ஆக்னஸ் (வயது 39),
தர ஆய்வாளர் (தற்போது இடைநீக்கத்தில்),
நசரத்பேட்டை, பூந்தமல்லி வழி.

பெறுநர்:
தொழிலாளர் உதவி ஆணையர் அவர்கள்,
அம்பத்தூர்.

பொருள்: ஆண்டு மதிப்பீட்டில் பெண்களுக்கு ஒரு வகை ஆங்கிலச் சொல்லும் ஆண்களுக்கு வேறு வகையும் எழுதி வருவது, அதை வெளிக்கொண்டுவந்த என்னை வேலையிலிருந்து நீக்க முனைவது, தலையிடக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இப்பதவியில் இருப்பவர் ஆணா பெண்ணா என எனக்குத் தெரியாது. ஆகவே இரண்டையும் எழுதியுள்ளேன்.

1. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் (பெயரும் முகவரியும் இணைப்பு 1இல்) பதினொரு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். எங்கள் உற்பத்தி மேலாளர் திரு. கிருபாகரன். ஒவ்வொரு மார்ச் மாதமும் ஊழியர்கள் முப்பத்தொரு பேரைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரு நோட்டில் எழுதித் தருவார். நான் அதைக் கணினியில் ஏற்றி, அச்செடுத்து அவர் மேசையில் வைப்பேன். தேநீர் ஆறுவதற்குள் எல்லாவற்றிலும் கையெழுத்திட்டுவிடுவார். படித்துப் பார்ப்பதில்லை. என்னைப் பற்றி அவர் எழுதியதையும் ஆறு ஆண்டுகளாக நானே தட்டச்சு செய்து வருகிறேன்.

2. இந்த ஆண்டு மார்ச் 4 அன்று, பட்டியலைப் பெயர் வாரியாக அடுக்குவதற்குப் பதில் தவறுதலாகக் குறிப்பு வாரியாக அடுக்கிவிட்டேன். திரையில் எந்தச் சொல்லின் கீழும் பெண்கள் பதினொரு பேரும் ஆண்கள் இருபது பேரும் கலக்காமல் தனித்தனியாக நின்றார்கள். பெண்களுக்கு 'பாஸி', 'எமோஷனல்', 'மூடி' (moody, சிடுசிடுப்பவள்). ஆண்களுக்கு 'ஃபர்ம்', 'பேஷனேட்' (ஈடுபாடு மிக்கவர்), 'சீரியஸ்'. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமான சரண் 'ஜென்டில்மேன்'. ஐம்பத்து நான்கு வயதான கன்னியம்மா 'ஸ்வீட் கேர்ள்'. பழைய படிவங்களை எடுத்துப் பார்த்தேன். அவர் ஆறு ஆண்டுகளாக 'ஸ்வீட் கேர்ள்'. ஆறு ஆண்டுகளாக அவருக்குப் பதவி உயர்வும் இல்லை.

3. கடந்த டிசம்பரில், உதிரிபாகத்தின் துளையில் பிசிறு இருந்ததால் சம்பத் என்னும் சக ஆய்வாளர் முதல் உற்பத்தி லைனை நிறுத்தினார். நான்கு நாள் கழித்து, அதே பிசிறுக்காக நான் இரண்டாம் லைனை நிறுத்தினேன். இருவரும் குரல் உயர்த்தித்தான் நிறுத்தினோம். இயந்திரச் சத்தத்தில் வேறு வழி கிடையாது. அதற்காக அவர் படிவத்துக்கு 'ஃபர்ம்', உறுதியானவர். என் படிவத்துக்கு ஆண்டுதோறும் வரும் அதே 'பாஸி, எமோஷனல்'. அதாவது, அதிகாரம் செய்பவள், உணர்ச்சிவசப்படுபவள்.

4. அடுத்து நான் செய்ததை ஒளிக்கவில்லை. சம்பத்துக்கு எழுதியதை என் படிவத்திலும், எனக்கு எழுதியதைச் சம்பத்தின் படிவத்திலும் ஏற்றினேன். கைதவறிச் செய்ததல்ல. திரு. கிருபாகரன் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்திட்டார்.

5. மார்ச் 14 காலை 9.50 மணிக்குப் படிவங்கள் வழங்கப்பட்டன. சம்பத் நேராக மேலாளர் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. வெளியே நின்ற வடிவு என்ற ஊழியர் கேட்டதை அவருடைய சாட்சியக் கடிதத்தில் உள்ளபடியே தருகிறேன்.

சம்பத்: "இன்னா சார் இது? என்னப் போயி எமோஷனல்னு எழுதிக்கீறீங்க? நான் இன்னா பொம்பளையா? ஊட்ல பாத்தா காறித் துப்புவாங்க சார்."

மேலாளர்: "டேய், அது உனுக்கு இல்லப்பா. அந்தம்மாக்கு எழுதுனது. குடு இப்டி, மாத்திக் குடுக்கறேன்."

11.30 மணிக்குள் சம்பத்தின் படிவம் மாற்றப்பட்டது. ஒரு மணி நாற்பது நிமிடம். பிற்பகலில் எனக்கு இடைநீக்க உத்தரவு வந்தது.

6. அந்த உத்தரவின் மூன்றாம் பத்தியைத் தாங்கள் தயவுசெய்து இருமுறை படிக்க வேண்டும். "இத்தகைய சொற்கள் ஓர் ஊழியரின் நற்பெயரையும் பதவி உயர்வு வாய்ப்பையும் நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியவை" என்று அதில் உள்ளது. கீழே திரு. கிருபாகரனின் கையெழுத்து. இதையாவது படித்துவிட்டுக் கையெழுத்திட்டிருப்பார் என நம்புகிறேன். அதே சொற்கள் ஆறு ஆண்டுகள் என் படிவத்தில் இருந்தன. அப்போது அவை எதையும் கெடுக்கவில்லையா?

7. சம்பத் மீது எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்த ஒரு மணி நாற்பது நிமிடம் அவர் பட்ட பாட்டுக்காக எனக்கு வருத்தமும் இல்லை.

8. ஏப்ரல் 15 அன்று என் மீது உள்விசாரணை. அதன் முடிவில் நான் வேலை இழப்பேன் என்று இப்போதே தொழிற்சாலையில் பேசிக்கொள்கிறார்கள். "சாரி எழுதிக் குடுத்துட்டு வந்துடு ஆக்னசு, அவரு மனசு எளகிடுவாரு" என்று கன்னியம்மா சொல்லிப் பார்த்தார். எழுதித் தர மாட்டேன்.

ஆகவே, அத்தேதிக்கு முன் இருதரப்பையும் அழைத்து விசாரித்து, என் இடைநீக்கத்தை ரத்து செய்ய வேண்டுகிறேன். உத்தரவின் மூன்றாம் பத்தியை நகலெடுத்து, பதினொரு பெண்களின் கோப்பிலும் முதல் பக்கமாக வைக்கச் செய்ய வேண்டுகிறேன்.

திரு. கிருபாகரனை வேலையை விட்டு நீக்கும்படி நான் கேட்கவில்லை. இடமாற்றமும் வேண்டாம். அவர் அங்கேயே, அதே மேசையில் இருக்க வேண்டும். பதினொரு பேரையும் ஒவ்வொருவராக எதிரில் உட்காரவைத்து, தான் எழுதியதைத் தமிழில் சொல்லி, அதற்கான காரணத்தை அவரவர் முகம் பார்த்துக் கூற உத்தரவிட வேண்டும். கன்னியம்மாவிடமிருந்து தொடங்கட்டும். என் முறை கடைசியாக வரட்டும். காத்திருக்க எனக்குப் பழக்கம் உண்டு. அன்று அவர் குரல் உயர்ந்தாலோ கண் கலங்கினாலோ, அதற்கு என்ன சொல் எழுத வேண்டும் என்பதை அவருடைய நோட்டிலிருந்தே எடுத்துத் தருகிறேன்.

இணைப்பு: 1. தொழிற்சாலை விவரம். 2. ஆறு ஆண்டுப் படிவ நகல்கள். 3. வடிவு அவர்களின் கடிதம். 4. இடைநீக்க உத்தரவு.

நாள்: 7.4.2025
இடம்: நசரத்பேட்டை

மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தபின் கையொப்பமிடும்,
சூ. ஆக்னஸ்