வண்டி வீடாகாது

மார்ச் 3, செவ்வாய்

மறுபடியும் வண்டி உயிரில்லாமல் கிடந்தது. மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிற நேரம். இவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள், வண்டி ஒரு முக்கல்கூட முக்கவில்லை. தெருமுனை மெக்கானிக் வந்து வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்பிவிட்டான்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு பெரியவரே. இன்ஜினைப் போடாம பட்டனை மட்டும் அழுத்தி வெச்சுட்டு யாரோ உள்ள உக்காந்திருக்காங்க. பாட்டு கீட்டு கேப்பீங்களா?"

"என்னைப் பார்த்தா பாட்டுக் கேக்கற ஆள் மாதிரியா இருக்கு?"

"இல்லைதான்" என்றான். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மார்ச் 5, வியாழன்

நீ வாங்கிக் கொடுத்த வண்டி சரியில்லை என்று மகனிடம் போனில் சொன்னேன். வண்டி வந்த அன்று எப்படிக் குதித்தான்! "உள்ளேயே சிம் இருக்குப்பா, உள்ளேயே வைஃபை இருக்கு. வீட்டுல டவர் கிடைக்கலன்னாலும் வண்டில கிடைக்கும்." வண்டிக்கு எதுக்குடா இன்டர்நெட், அது யாருக்குக் கடிதாசி போடப் போகுது என்று கேட்டேன். சிரித்தான். இவளும் சிரித்தாள். அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

இன்று பேட்டரி விஷயத்தைச் சொன்னால், "இருக்கட்டும் விடுங்கப்பா" என்கிறான். என்ன இருக்கட்டும்?

மார்ச் 8, ஞாயிறு

வண்டியின் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். சிமென்ட் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்றவன். எனக்கு எவனும் சொல்லித் தரவில்லை, இனியும் தர வேண்டாம்.

யார் யார் வைஃபையில் நுழைந்தார்கள் என்று திரையிலேயே பார்க்கலாமாம். பார்த்தேன். ஒரே ஒரு போன். இவளுடையது.

"வண்டிக்குள்ள உக்காந்து என்ன பண்றே?"

"சும்மா காத்தாட உக்காந்திருப்பேன்."

"கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு என்ன காத்து?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடியது.

மார்ச் 10, செவ்வாய்

மனசு இன்னும் ஒரு நிலையில் இல்லை. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

மருத்துவமனையில் வழக்கம்போல நான் டோக்கன் வரிசைக்குப் போனேன், இவள் வண்டியில் இருந்தாள். பிறகு தள்ளுநாற்காலிக்காரர் வந்து இவளை உள்ளே கொண்டுபோனார். நான் ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்தேன். இவளுடைய போன் பின்சீட்டில் கிடந்திருக்கிறது. அது அடித்ததும் வண்டி முழுக்க மணி. திரையில் 'குட்டி' என்று எழுத்து.

குட்டி என்று இவள் கூப்பிடுவது எங்கள் மகளை.

மணியின் வாயை அடைக்கத்தான் ஸ்டியரிங்கில் இருந்த பட்டனை அழுத்தினேன். கட் செய்ய நீண்ட நேரம் அழுத்தச் சொல்லியிருக்கிறது கையேட்டில். நான் லேசாகத் தட்டிவிட்டேன் போல. கதவில், தலைக்குப் பின்னால், காலடியில் என்று நாலா பக்கமும் அவள் குரல்.

"அம்மா, கட் ஆயிடுச்சு. உள்ள போறதுக்குள்ள கேட்டுக்கோ. நேத்து நீ சொன்னதுலேருந்து எனக்குத் தூக்கமே இல்ல. இனிமே ஊசி வேணாம், போதும்ங்கிறியே, நான் என்ன பண்ணுவேன்? எனக்காகப் போம்மா. ஒவ்வொரு தடவையும் நான் உன்னைக் கெஞ்சிக் கெஞ்சி அனுப்பணுமா? சரி, கெஞ்சறேன். அப்பாகிட்ட சொல்லமாட்டேன், அது சத்தியம்… அம்மா? கேக்குதா?"

எனக்குத் தொண்டை செருமியது. அடக்கினேன், அடங்கவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து, "…அப்பா?"

இன்ஜினையே அணைத்துவிட்டேன்.

இருபது வயதிலிருந்து எனக்குச் சமைத்துப் போட்டவள், சாகலாமா வேண்டாமா என்று கடல் தாண்டி இருப்பவளிடம் கேட்கிறாள். பக்கத்து சீட்டில் இருக்கிறவனிடம் இல்லை. என்னங்க இது? இதுக்குப் பேர் என்ன?

மார்ச் 11, புதன்

மகளைப் பற்றி இங்கே எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். எழுத வைத்துவிட்டாள்.

என் அண்ணன் மகன் கல்யாணத்தில், சொந்தக்காரர்கள் நாலு பேர் முன்னால், பந்தியில், அவள் கேட்டாள்: "அம்மா வாயைத் திறந்தா நீங்க ஏன் பேசறீங்க? என்னைக்காவது அவங்களை ஒரு வாக்கியம் முடிக்க விட்டிருக்கீங்களா?" அத்தனை பேர் கையும் இலையிலேயே நின்றது. என் சித்தப்பா மகன் சிரிக்கக்கூடச் செய்தான். அன்று சொன்னேன், இனி உன் குரல் என் வீட்டுக்குள் கேட்கக்கூடாது என்று. வீட்டுக்கு இணையம் வாங்காததும் அதனால்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் இந்தக் காலத்தில் முட்டாள். இருந்துவிட்டுப் போகிறேன்.

இன்று வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினேன். கையேட்டில் படத்தோடு போட்டிருக்கிறது, குழந்தைகூடச் செய்யும்.

இவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. தானே சொல்லட்டும்.

மார்ச் 12, வியாழன்

டோக்கன் வரிசையிலிருந்து பார்த்தேன். இவள் போனைத் தூக்கிப் பிடிக்கிறாள், கண்ணாடிப் பக்கம் நீட்டுகிறாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்க்கிறாள். பிறகு பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

திரும்பி வரும்போது ஏதாவது கேட்பாள் என்று ரேடியோவைக்கூடப் போடாமல் ஓட்டினேன். கேட்கவில்லை.

மார்ச் 14, சனி

போனோம், வந்தோம். இன்று போனை வெளியே எடுக்கவே இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் இவள் கட்டிலில் படுத்திருக்கிறாள். சேலைகூட மாற்றவில்லை.

"நேரமாச்சு."

"இன்னைக்கு வேணாங்க."

"நாளைக்கு இடம் குடுக்க மாட்டாங்க."

"நாளைக்கும் வேணாம்."

கத்தினேன். எழுதி என்ன, கத்தினேன். மகளிடம் பேசுவது எனக்குத் தெரியும், திருட்டுத்தனமாக என் முதுகுக்குப் பின்னால் என்றேன். இவள் எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் பயம் ஒரு துளி இல்லை.

"வீட்டுக்குள்ள அவ குரல் கேக்கக் கூடாதுன்னீங்க. கேட்டுச்சா? மழையில, வெயில்ல, நடுங்கிக்கிட்டுப் போய் வண்டிலதான் உக்காந்தேன். வண்டி வீடாகுமா? உங்க சொல்லை உங்களைவிட நான்தான் ஒழுங்கா காப்பாத்தினேன்."

"அப்படின்னா இப்ப கிளம்பு."

"அவ கெஞ்சுவா, போவேன். இப்ப கெஞ்ச ஆள் இல்ல. நிம்மதியா இருக்கு."

நான் கெஞ்சமாட்டேனா? எனக்கு அது வருமா என்றுகூட இவள் பார்க்கவில்லை.

மார்ச் 18, புதன்

டாக்டரிடம் தனியாகப் போனேன். என் மகனைவிடச் சின்னவர். "அம்மா தெளிவா இருக்காங்க சார். போன மாசமே என்கிட்ட சொன்னாங்க. அவங்க வேணாம்னா நாம கட்டிப்போட முடியாது." போன மாதமே! ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு வாரம், பத்து நாள் என்றார்.

வரும் வழியில் வண்டியை ஓரம் கட்டி, பழைய கடவுச்சொல்லைத் திரும்பப் போட்டேன். எவனும் என்னிடம் சொல்லவில்லை. நானாகத்தான் போட்டேன்.

மார்ச் 19, வியாழன்

"வைஃபை வருது. போய்ப் பேசு" என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வாசப்படி இறங்க முடியலீங்க."

கால் இரண்டும் வீங்கி, தொட்டால் குழி விழுகிறது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். "உங்க முட்டி தாங்காது, ரெண்டு பேரும் படியிலேயே கிடப்போம்" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 20, வெள்ளி

படுக்கையறை ஜன்னல் பக்கவாட்டுச் சந்துப் பக்கம் இருக்கிறது. செடித் தொட்டிகளை நகர்த்தி, வண்டியைப் பின்னால் எடுத்து, ஜன்னலுக்கு ஒட்டி நிறுத்தினேன். சுவரில் ஒரு கீறல், வண்டியில் ஒரு கீறல். நான்கு கதவையும் திறந்து சத்தத்தை முழுக்க ஏற்றினேன். இவளுடைய போனிலிருந்து மகளை அழைத்தேன்.

"அம்மா! எங்கம்மா போயிட்டே இத்தனை நாளா?"

"அம்மா இல்ல. நான்."

எதிர்மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வங்கிக்காரர் கையில் ஈரச் சட்டையோடு நின்றுவிட்டார்.

"ஊசிக்கு வர மாட்டேங்கறா. நீ சொன்னா கேப்பா. சத்தமாச் சொல்லு, ஜன்னல் வழியாக் கேக்கணும்."

"ஜன்னலா? என்னப்பா இது, போனை அம்மா கையில குடுங்க."

போனை நான் உள்ளே கொண்டுபோகவில்லை. அவளுக்குப் புரிய நேரமாகவில்லை.

"இன்னுமா என் குரல் உள்ள வரக்கூடாது?" என்றாள்.

பிறகு அவள் அம்மாவிடம் பேச ஆரம்பித்தாள். சந்து முழுக்கக் கேட்டது. இவள் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ஆனால் இவள் பேசியது வண்டியின் மைக்குக்கு எட்டவில்லை. அது ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கிறது. ஜன்னலில் இவள் சொல்வதைக் கேட்டு, நான் வண்டிக்குள் குனிந்து சொல்ல வேண்டியதாயிற்று.

"சாப்பிட்டாளான்னு கேளுங்க."

"சாப்பிட்டியான்னு கேக்கறா."

"பல்லு வலி போயிடுச்சான்னு கேளுங்க."

அவளுக்குப் பல்வலி இருந்தது எனக்குத் தெரியாது. கேட்டேன். போய்விட்டதாம்.

அப்புறம் அவள் கெஞ்சினாள். அம்மா, நாளைக்கு ஒரு நாள் போ, நான் டிக்கெட் போட்டு வர்றேன், அதுவரைக்கும் போ என்று. இவள் கண்ணைத் திறந்தாள்.

"போதும்னு சொல்லுங்க. குத்த இடமில்ல. நான் வருத்தத்துல சொல்லல, அவளால இல்லன்னு சொல்லுங்க."

நான் வண்டிக்குள் குனிந்தேன். "யோசிக்கிறேங்கறா. நாளைக்கு வரேங்கறா."

ஜன்னலிலிருந்து இவள் குரல் வந்தது. உரக்க இல்லை.

"நான் அப்படிச் சொல்லல. என் வாயில உங்க வார்த்தையைப் போடாதீங்க. நான் சொன்னதைச் சொல்லுங்க."

"அப்பா? அம்மா என்ன சொல்றாங்க? நிஜமா வர்றேன்னாங்களா?"

இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு கால் சந்திலும் ஒரு கால் வண்டியிலுமாக நின்றேன்.

"போதுங்கறா" என்றேன். "குத்த இடமில்லைங்கறா. உன்னால இல்லைங்கறா."

வண்டியின் எல்லா மூலையிலிருந்தும் அழுகை வந்தது. சத்தத்தைக் குறைக்கக் கை போனது. குறைக்கவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் ஜன்னல்தான். இன்று இவள் சொன்னவை கொஞ்சம், மூச்சு வாங்குகிறது. சொன்னதை மாற்றாமல் சொன்னேன். என்னைப் பற்றி ஒன்று சொன்னாள், அதையும் சொன்னேன். இங்கே எழுதமாட்டேன்.

"போனை உள்ளே கொண்டு வரட்டுமா" என்று நானாகக் கேட்டேன். இவள் கையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்றா, கொண்டு வா என்றா? மறுபடி கேட்பதற்குள் தூங்கிவிட்டாள்.

மார்ச் 25, புதன்

காலையில் இவள் போய்விட்டாள். காப்பி கலந்துகொண்டு வந்து பார்த்தேன்.

மார்ச் 28, சனி

மகள் வந்தாள். அடக்கம் முடிந்த பிறகுதான் விமானம் கிடைத்ததாம். வாசலில் செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்தாள். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அழுகைகூடச் சத்தமில்லாமல். கணவனிடம் போன் பேச வெளி கேட்டைத் தாண்டி, தெருவுக்குப் போகிறாள்.

முதலில் துக்கம் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

துக்கம் இல்லை. அண்ணனுக்குச் சைகை காட்டுகிறாள். சோறு போடுகிறாள், துணி மடிக்கிறாள், அலமாரியை ஒழிக்கிறாள், எல்லாம் வாயைத் திறக்காமல். சமையலறை வாசலில் நின்று, "உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன். உப்பு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

மகன் மாடிப்படியில் பிடித்துக்கொண்டான். "ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. அன்னைக்குச் சொன்னதை விட்டுட்டேன்னு சொன்னா உங்க கிரீடமா இறங்கிடும்?"

"சொன்னது சொன்னதுதான்."

"சரி. அப்ப அவ செய்யறதும் சரிதான்."

இவனுக்கு இப்படிப் பேச யார் கற்றுக் கொடுத்தது?

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று அவள் கிளம்பினாள். வாடகைக் கார் சொல்லியிருந்தார்கள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டு நானே வண்டியை எடுத்தேன். மகன் ஏதோ சொல்ல வந்தான். பெட்டியை வை என்றேன்.

அவள் முன்சீட்டில் ஏறினாள். கதவு சாத்தியதும், "பெல்ட்டைப் போடுங்கப்பா" என்றாள்.

போட்டேன். கொக்கி இரண்டு தடவை நழுவியது. அவளே மாட்டிவிட்டாள்.

பிறகு பேசினாள். மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்றாள். ராத்திரி வாசல் விளக்கைப் போடாமல் படிக்கட்டில் இறங்காதீர்கள் என்றாள். அம்மா இந்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு என்னவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள் என்றாள். மெக்கானிக்கைப் பற்றி, டோக்கன் வரிசையில் நான் சண்டை போடுவதைப் பற்றி. என்னை மாதிரியே பேசிக் காட்டுவாளாம். இவள்! பேசிக் காட்டினாளாம்! நான் ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை.

பெரிய சாலை பிரியும் இடம் வந்தது. நேரே போனால் விமான நிலையம். ஞாயிற்றுக்கிழமை, சாலை காலியாகக் கிடந்தது. நான் இடப்பக்கம் திருப்பினேன்.

"இது வழி இல்லையேப்பா."

"அங்க ரோடு வேலை நடக்குது. சுத்தித்தான் போகணும்."

அவள் திரும்பி அந்தக் காலிச் சாலையைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "மெதுவாவே போங்க."