சொன்ன தேதிக்கு முன்னால் தைத்த யூனிஃபார்ம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், நீயும் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் அடுத்த வரிக்குப் போகிறேன். முதலில் என் எழுத்தை மன்னித்துக்கொள் அம்மா. துணியில் கண்ணை மூடிக்கொண்டு நேர்கோடு போடும் கை, காகிதத்தில் போட்டால் குடித்தவன் வீட்டுக்குப் போகிற மாதிரி போகிறது. எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரம்மா இதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியா அளவெடுத்தீங்களா" என்று கேட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இந்த வயதில் என் மகளுக்கு நானே எழுதுகிறேன், ஒரு பக்கம் முடிந்ததும் அதை நானே படித்துப் பார்க்கிறேன், அந்தச் சந்தோஷத்தில் எத்தனை கிண்டலையும் தாங்கலாம். போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ பாதியில் "அப்பா, போதும்ப்பா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, இப்படி ஒரு வசதி இதில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

உன் அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் எல்லாரையும் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். அவள்தான் சொன்னாள், தீயணைப்புத் துறை இயக்குநர் பதவிக்கு மறுபடி இன்டர்வியூ வைத்தாலும் நீ வரப்போவதில்லை, விண்ணப்பத்தை வாபஸ் வாங்கப் போகிறாய் என்று. அப்பன் தந்திரத்தில் மேலே வந்தவள் என்று நாலு பேர் பேசுவார்கள், அது வேண்டாம் என்றாயாம். நீ அங்கே கேள்விப்பட்டது ஊர்க்கதை. நடந்ததை நடந்தபடி நான் சொல்கிறேன், அதற்கப்புறம் முடிவு செய்.

நாம் மொடமொடப்பு என்று பெயர் வைத்த உங்கள் பெரிய அதிகாரி என் கடைக்கு வந்தார். யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, கஞ்சி போட்ட சட்டைக்குள்ளே கஞ்சி போட்ட ஆள். அந்தக் கிடங்கு பற்றி எரிந்த அன்று நீ புகைக்குள்ளே நின்றாய், அவர் வெளியே போட்டோவுக்குள்ளே நின்றார். நீ இயக்குநர் பதவிக்கு மனுப் போட்ட கையோடு உன்னை வரைபடத்தின் ஓரத்துக்கு மாற்றிய உத்தரவிலும் அவர் கைதான் இருந்தது என்று இந்தத் தெருவில் டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். உங்கள் தலைமை அலுவலகத்துக்கு எதிரே இவ்வளவு காலமாகக் கடை வைத்திருக்கிறேன், நான் யாருடைய அப்பா என்று தெரியாமல் அவர் வரவில்லை. தெரிந்துதான் வந்தார். இன்டர்வியூவுக்கு இன்னும் நாள் கிடக்கிறது. வந்து கையை விரித்து நின்றுகொண்டு, "டெய்லர், இயக்குநர் யூனிஃபார்ம் ஒண்ணு தைக்கணும், தங்கக் கரை காலரோட" என்றார். இன்டர்வியூ முடியட்டுமே ஐயா என்றேன். "அதெல்லாம் சும்மா சடங்குய்யா. டெய்லர்னா சொன்ன தேதிக்கு எவன் குடுத்திருக்கான்? நீ எப்படியும் இழுத்தடிப்பே, அதான் இப்பவே சொல்றேன்" என்றார். நான் குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டு அளவெடுக்கிறேன், கழுத்துக்கு டேப்பைச் சுற்றும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னார், "உம் பொண்ணும் கேட்டிருக்காளாமே. பொம்பளைக் கழுத்துக்கு அந்தக் காலர் உறுத்தும்யா. சொல்லி வை." வாயில் இருந்த அத்தனை ஊசியையும் விழுங்கினது மாதிரி இருந்தது.

அவர் சொன்னதில் ஒன்று உண்மைதான், அதுதான் எரிச்சல். அந்தக் காலரை நான் இதுவரை ஒரு பெண்ணுக்கும் தைத்ததில்லை. எனக்கு முன்னால் இந்தக் கடையில் இருந்தவரும் தைத்ததில்லை. உங்கள் துறையில் சேருகிற பெண்பிள்ளைகளுக்கு இன்றைக்கும் ஆம்பளை வெட்டில்தான் பேண்ட் வருகிறது. வாரா வாரம் என் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக் கொடுங்கள், தோளை இறக்கிக் கொடுங்கள் என்கிறார்கள். ஏணி ஏறும்போது தொடையில் இழுக்கிறது என்று ஒருத்தி அழாத குறையாகச் சொன்னாள். இது பற்றி மேலே எழுதினீர்களா என்று கேட்டேன். எழுதினோம் அப்பா, அங்கே இருக்கிற யாருக்கும் இழுக்கவில்லையாம் என்றாள். எப்படி இழுக்கும், அங்கே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஆம்பளை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அவர் போனதும் துணியை மேஜையில் விரித்தேன். அக்குளில் கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால் போதும், பதவி ஏற்கிற அன்று சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கும்போது எல்லார் முன்னாலும் டர்ரென்று கிழியும். கத்தரியைக் கையில் எடுத்தும் விட்டேன். உன் அம்மா பார்த்துவிட்டு, "கிழிஞ்சா அவனுக்கா அசிங்கம்? டெய்லர் சரியில்லன்னு உன்னைத்தான் சொல்லுவான்" என்றாள். யோசித்தேன். பழி வாங்குவதென்றால் என் தொழிலைக் கொண்டே வாங்க வேண்டும், கெட்ட தையலால் இல்லை, நல்ல தையலால். கல்யாண ஆர்டரையெல்லாம் ஓரமாகத் தள்ளி வைத்தேன், மாப்பிள்ளை வீட்டார் வந்து கத்தினார்கள், கத்துங்கள் என்றேன். அந்த ஒரு யூனிஃபார்மில் மட்டும் உட்கார்ந்தேன். பட்டன் துளைக்குக் காஜா கூட மிஷினில் போடாமல் கையால் போட்டேன். என் ஆயுசில் சொன்ன தேதிக்கு முன்னால் தைத்து முடித்த துணி அது ஒன்றுதான் மகளே.

முடிந்த யூனிஃபார்மைத் தெருப்பக்கக் கண்ணாடி அலமாரியில் தொங்கவிடுவது நம் கடை வழக்கம், உனக்கே தெரியும். உரியவர் அலுவலகத்துக்குப் போகும்போதே பார்த்துவிட்டு உள்ளே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று பெயரும் பதவியும் எழுதிச் சீட்டுக் குத்தி வைப்போம். முன்னெல்லாம் ஜெராக்ஸ் கடைக்காரம்மா எழுதித் தருவாள், இப்போது நானே எழுதுகிறேன். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் காலையில் தொங்கவிட்டேன். அட்டையில் நல்ல பெரிய எழுத்தாக அவர் பெயர், அதன் கீழே இயக்குநர் என்று எழுதி, "தயார்" என்று போட்டுக் குத்தினேன். கோணல் எழுத்தாக இருந்தாலும் எதிர்ச் சாலையில் இருந்தே படிக்கலாம், ஜெராக்ஸ் கடைக்காரம்மா போய் நின்று படித்துப் பார்த்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான் நான் செய்தது. ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பத்து மணிக்கு உங்கள் ஆட்கள் டீ குடிக்க இறங்கினார்கள். முதலில் ஒருவர் நின்றார், அப்புறம் ஒரு கூட்டம் நின்றது. "என்னய்யா, நாளைக்குத்தானே இன்டர்வியூ, இன்னைக்கே காலர் வந்துடுச்சு" என்று ஒருவர் கேட்க, "அப்போ நாளைக்கு நம்மள எதுக்குக் கூப்பிட்டிருக்கான், பட்டன் போட்டுவிடவா" என்று விண்ணப்பம் போட்டிருந்த இன்னொருவர் கத்தினார். ஆளாளுக்குப் போனில் படம் எடுத்தார்கள். மத்தியானம் பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். அண்ணே எப்போ ஆர்டர் கொடுத்தார் என்று கேட்டார்கள், எப்போது கொடுத்தாரோ அதைச் சொன்னேன், பொய் சொல்லி எனக்கென்ன ஆகப்போகிறது. சாயங்காலத்துக்குள் இன்டர்வியூ ரத்து, தேர்வுக் குழுவையும் கலைத்தாயிற்று, வெளியிலிருந்து புது ஆட்கள் வந்து கேள்வி கேட்பார்கள் என்று அறிவித்துவிட்டார்கள். அன்றைக்கு நான் சாப்பிட்ட சாப்பாடு மாதிரி ருசியாக எதையும் சாப்பிட்டதில்லை.

இன்னும் இருக்கிறது, கேள். மறுநாள் யூனிஃபார்மை வாங்கி வரச்சொல்லி டிரைவரை அனுப்பினார். ட்ரையல் பார்க்காமல் கொடுப்பதில்லை, உரியவர் வரட்டும் என்று திருப்பி அனுப்பினேன். கடைசியில் அவரே வந்தார். "அண்ணே, அதைக் கொஞ்சம் இறக்கிடுங்கண்ணே" என்றார். டெய்லர் அண்ணனாகிவிட்டான் பார். இறக்குகிறேன், போட்டுப் பாருங்கள் என்றேன். வேண்டாம் என்றார். அப்படியென்றால் தொங்கட்டும் என்றேன். போட்டுக்கொண்டார். பெஞ்சில் உங்கள் துறைப் பெண்பிள்ளைகள் பேண்டை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் கண்ணாடியில் நிற்க வைத்தேன். தோள், கை, காலர், எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை, பிறக்கும்போதே போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. அவர் முகத்தில் ஒரு நிமிடம் ஆசை வந்து போனதை நான் பார்த்தேன். அப்போது அந்த ஏணிக்காரி கேட்டாள், "சார், ரொம்ப நல்லா இருக்கு சார். எங்க சார் போட்டுக்கிட்டுப் போவீங்க?" யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூட அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். பட்டனை ஒவ்வொன்றாக அவரே கழற்றினார், நான் உதவி செய்யவில்லை. காலர் உறுத்தியதா ஐயா என்று மட்டும் கேட்டேன்.

உன் அம்மா, போதும், விழுந்தவனை மிதிக்காதே என்கிறாள். எனக்குப் போதவில்லை. ஏனென்றால் மறு இன்டர்வியூவுக்கு அவரும் வருகிறார். இத்தனைக்கும் பிறகு வெட்கமில்லாமல் வருகிறார், நீ வெட்கப்பட்டுக்கொண்டு வரமாட்டேன் என்கிறாய். நீ வராவிட்டால் அந்த யூனிஃபார்ம் அவருக்கே உதவும், நான் அவ்வளவு நன்றாகத் தைத்தது வினையாகிவிடும். நாலு பேர் பேசுவார்கள் என்றாயே, நீ வராவிட்டால் மட்டும் சும்மா இருப்பார்களா, பயந்துவிட்டாள் என்பார்கள். நான் கதவைத்தான் திறந்தேன், அதுவும் அவர் கொடுத்த சாவியால். உள்ளே போய்ப் பதில் சொல்லப்போவது நீ, அங்கே என் கத்தரி வேலைக்கு ஆகாது. நல்லவள், பொறுமைசாலி என்று சொல்லிச் சொல்லித்தானே உன்னை அந்தக் குளிர் ஊரில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். நியாயத்துக்காக வரச்சொல் என்று உன் அம்மா சொல்கிறாள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பழி தீர்க்க வா. நியாயம் பின்னாலேயே வரும், அதற்கு வேறு போக்கிடம் கிடையாது.

நேற்று அந்த ஏணிக்காரி மறுபடி வந்தாள். தைக்க எதுவும் கொண்டு வரவில்லை. பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "அக்கா வருவாங்களா அப்பா" என்று கேட்டாள். வருவாள் என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து போகும்போது நிமிர்ந்து நடந்தாள். அவளிடம் போய் இல்லை என்று சொல்ல என்னால் முடியாது, வேண்டுமானால் நீ வந்து சொல்.

நீ நூறு வயது நல்லபடி இருக்க வேண்டும், உன் கை ஓங்கியே இருக்க வேண்டும், உன்னைக் கீழே தள்ளியவர்கள் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொள்ள வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் வாழ்த்துகிறோம். குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. வண்டியில் ஜன்னலோர இடத்துக்கு இப்போதே சொல்லி வை. அடுத்த வாரம் மறுபடி எழுதுவேன், அந்தக் கடிதத்தை எந்த ஊர் முகவரிக்குப் போடுவது என்பதை மட்டும் நீ சொல்லிவிடு.

இப்படிக்கு,
தன் கையால் கையெழுத்துப் போடும்
உன் அப்பா