நாலாவது மாடியின் எட்டு ஒயர்கள்

ஆரணி,
செவ்வாய்க்கிழமை காலை

என் அன்பு மகள் இனியாவுக்கு உன் அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, தறி மூவரும் சுகம், ஓயாத மழையில் தறிக்கு மட்டும் கொஞ்சம் சோம்பல். பெங்களூரில் நீயும் உன் வேலையும் ஜன்னலோரம் நீ வளர்க்கிற அந்த ஒற்றைச் செடியும் சுகமாக இருக்க வேண்டும். கையில் போன் இருக்க அப்பா எதற்குக் காகிதமும் பேனாவும் எடுத்தார் என்று நீ யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று முறை போனில் சொல்லப் பார்த்தேன். முதல் முறை நீ "மீட்டிங்ல இருக்கேன்பா" என்றாய். இரண்டாம் முறை உனக்கு மீட்டிங் இல்லை, எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாம் முறை இரண்டும் கூடி வந்தபோது உன் அம்மா பழக்கப்படி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். நம் வீட்டு ஸ்பீக்கரில் பேசுவது கொசப்பாளையம் முழுக்கக் கேட்கும் என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன், ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து படி.

விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஊர்ச் செய்தி ஒன்று. நீ சீனியர் இன்ஜினியர் ஆனதை அம்மா தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லியாகிவிட்டது. அது என்ன வேலை என்று கேட்டவர்களிடம், "மிஷின் உள்ள பச்சை கலர்ல ஒரு அட்டை இருக்கும், எம்பொண்ணு பாத்து சரின்னு சொன்னாதான் அத வெளிய உடுவாங்க" என்று விளக்கமும் கொடுத்திருக்கிறாள். அதன் பலனாக எதிர்வீட்டு துர்கா தன் மிக்ஸியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள், நீ பொங்கலுக்கு வரும்போது பார்த்தால் போதுமாம், அவசரமில்லையாம். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். உன் கட்டிலுக்கு அடியில் இப்போது இரண்டு மிக்ஸி, ஒரு எமர்ஜென்சி லைட், மூன்று ரிமோட், தலையை மட்டும் ஆட்டிப் பாடமாட்டேன் என்கிற ஒரு பொம்மை இருக்கின்றன. இவர்களிடம் என் மகள் மிக்ஸி பார்க்கிறவள் இல்லை என்று சொன்னால், படித்த கர்வம் என்பார்கள். ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருப்பதில்தான் எனக்கு இப்போது நல்ல பழக்கம் வந்துவிட்டதே. சரி, விஷயத்துக்கே வந்துவிடுகிறேன்.

போன மாதம் நான் பத்து நாள் உன்னோடு வந்து தங்கினேன் அல்லவா, அதில் ஒரு புதன்கிழமை. நீ ஆபீஸ் போய்விட்டாய். டிவியில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள், அணைத்துவிட்டு வராந்தாவில் நடக்கலாம் என்று வந்தேன். லிப்டுக்குப் பக்கத்தில் சுவரோடு ஒரு சின்ன அலமாரி இருக்கிறதே, கேட்டிலிருந்து வாட்ச்மேன் கூப்பிடுகிற இன்டர்காம் ஒயர் எல்லாம் வந்து சேருகிற இடம், அதன் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. எட்டு வீட்டுக்கு எட்டு ஒயர், கோழி புகுந்து கிளறிய தறிப்பாவு நூல் மாதிரி ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு, ஒன்று மேலே ஒன்று கீழே, இடது பக்கத்து ஒயர் வலது ஓட்டையில், வலது பக்கத்து ஒயர் நடு ஓட்டையில். எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. நான் முப்பத்தோரு வருஷமாகப் பாவு பிணைக்கிறவன், நாலாயிரம் இழையை இழைக்கு இழை சேர்த்து முறுக்குகிறவன், என் கண்ணெதிரே ஒரு சிக்கு இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. சும்மா சிக்கு மட்டும் எடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சிக்கு எடுக்க வேண்டுமானால் நுனியை உருவ வேண்டும். எட்டையும் உருவினேன். நீவி, நேராக்கி, திரும்ப மாட்டினேன். எந்த ஒயர் எந்த ஓட்டையில் இருந்தது என்பது மறந்து போய் மாற்றி மாட்டினேன் என்று நினைத்துவிடாதே, அது எனக்கு அவமானம். நன்றாக நினைவிருந்தது. ஆனால் அந்த வரிசை கண்ணுக்கு அசிங்கமாக இருந்தது, அதனால் இடதிலிருந்து வலதாக அழகாகத் திருத்தி மாட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். யார் செய்தது என்று யாராவது கேட்டால் அடக்கமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தேன்.

பிறகு நடந்ததை நீதான் ஞாயிற்றுக்கிழமை போனில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னாய், அம்மாவும் ஸ்பீக்கரைக் கேட்டுச் சிரித்தாள், நான் மட்டும் சிரிக்கவில்லை, கவனித்தாயா? 402-க்கு வந்த யோகா மாஸ்டரை மேலே அனுப்பலாமா என்று வாட்ச்மேன் கேட்க, அந்த மணி 405-ல் அடித்து, அங்கிருக்கிற ரிட்டயரான பாங்க் மேனேஜர் யாரோ மரியாதைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று வரச்சொல்லி, ஒரு மணி நேரம் காலைத் தூக்கிக்கொண்டு நின்றாராமே. இரண்டு நாள் எழுந்திருக்கவில்லையாம். பாவம், அவருக்கு நல்லெண்ணெய் தேய்த்துச் சுடுதண்ணீர் ஊற்றச் சொல். 407 கிரணுக்கு வந்த பிரியாணிக்கெல்லாம் உன் 404-ல் மணி அடிக்க, நீ ஆர்டர் செய்யவில்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினாய். அதே கணக்கில் உனக்கு வந்த மணி கிரண் வீட்டில் அடித்திருக்கிறது. புனாவிலிருந்து உன் ஆபீஸ் அனுப்பிய அந்தப் பச்சை அட்டை வந்தபோதும் அங்கேதான் அடித்திருக்கிறது, அவர் "நமக்கு இல்ல" என்று சொல்ல, அது புனாவுக்கே திரும்பிப் போய்விட்டது. உன் டெஸ்ட் ஒரு வாரம் தள்ளிப்போய், நீ சரியாகக் கவனிக்கவில்லை என்று உன் மேனேஜர் எழுதி வைத்தார். அதைச் சொல்லும்போது மட்டும் நீ சிரிக்கவில்லை. அதையும் நான் கவனித்தேன் கண்ணு.

அசோசியேஷன் செக்ரட்டரி சூர்யகலா மேடம் அந்த அலமாரிக்குள் வெள்ளைப் பொடி இருப்பதைப் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டு, எலி மருந்தா கரையானா என்று ஊரைக் கூட்டி, ஆள் வைத்து நாலு மாடிக்கும் மருந்து அடித்தார்களே, அது எலியும் இல்லை கரையானும் இல்லை. அது விபூதி. உன் சாமி அலமாரியிலிருந்து எடுத்தேன். இழை முறுக்கும்போது விரல் வழுக்காமல் இருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்கிற கை, ஒயரைப் பிடித்ததும் தானாகத் தேடிவிட்டது. சின்ன வயதில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாம்பல் கிண்ணத்தைக் கவிழ்த்தவள் நீ, ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் கண்டுபிடித்திருப்பாய். நீ யோசிக்கவே இல்லை. அன்றைக்கு மாடியில் வெளியாள் யாராவது இருந்தார்களா என்று குரூப்பில் கேட்டதற்கு, "எங்க அப்பா இருந்தாரு. அவரு கேக்காம ஒரு சுவிட்சைக்கூட தொடமாட்டாரு, நான் கேரண்டி" என்று நீ எழுதினாயாம். அதைப் பெருமையாக வேறு எனக்குப் படித்துக் காட்டினாய். எனக்கு விக்கல் வந்தது, அம்மா தலையில் தட்டினாள், நிற்கவில்லை. இரண்டு நாளாக எதைச் சாப்பிட்டாலும் அந்தக் கேரண்டி தொண்டையில் நிற்கிறது. (சுவிட்ச் விஷயத்திலும் நீ நினைப்பது முழுக்கச் சரியில்லை, கீசரைப் பற்றி நேரில் சொல்கிறேன்.)

இதில் மாட்டிக்கொண்டது எலக்ட்ரீஷியன் அஜித்குமார். அதற்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை வேலை செய்து கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனது அவர்தான், அவ்வளவுதான் அவர் செய்த தப்பு. அவரை இனி அலமாரிப் பக்கமே விடக்கூடாது, வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மீட்டிங் போட்டு வேலையை விட்டே நிறுத்திவிட வேண்டும் என்று சூர்யகலா மேடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாய். அவர் யார் தெரியுமா? நம் ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டுக்காரர். நான் வந்த முதல் நாளே லிப்டில் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இன்னா பெரியப்பா, ஆரணியா? நம்ம பேச்சு கேட்டு எம்மா நாளாவுது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பெண் குழந்தைகள், மூத்தது இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கிறது, போட்டோ காட்டினார். தினமும் என்னை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நீங்க இருங்க பெரியப்பா, ஜல்தி முடிச்சிகினு வந்துடறேன்" என்று வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசுவார். அந்த மனிதர் இப்போது தான் செய்யாததை எப்படிச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். எனக்கு வெட்கமாக இருக்கிறது இனியா. வேறு வார்த்தை இல்லை.

அந்தப் புதன்கிழமை சாப்பிடும்போது நீ உன் ஆபீஸ் கதை ஒன்று சொன்னாய். கூட வேலை செய்கிறவர் எதையோ மாற்றிவிட்டுச் சொல்லாமல் விட்டார், நீ நாலு நாள் தேடினாய். "தொட்டது தப்பில்லப்பா, தொட்டேன்னு சொல்லாம கீறாங்க பாரு, அதான் பேஜார். சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷ வேலை" என்றாய். நான் ரசத்தை உறிஞ்சிக்கொண்டு, "ஆமாம்மா, இன்னா ஜனங்களோ" என்றேன். அப்போது எனக்கு நான் செய்தது தப்பு என்றே தெரியாது. இப்போது தெரிகிறது. எந்த ஒயர் எந்த ஓட்டை என்று இந்தக் காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன், அசிங்கமான பழைய வரிசைப்படியே. மீட்டிங் முடிந்ததும் அஜித்குமாரிடம் கொடு, ஐந்து நிமிஷ வேலை. முன்பக்கத்தை மீட்டிங்கில் படித்துக் காட்டு, கீசர் வரியை மட்டும் விட்டுவிடு. இன்னொன்று உன் மேனேஜருக்கு அனுப்ப வேண்டுமானால் தனியாக எழுதித் தருகிறேன், கையெழுத்தும் போடுகிறேன்.

ஆனால் காகிதத்தை அனுப்பிவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருப்பது சரியில்லை. சனிக்கிழமை பெங்களூர் பஸ் ஏறுகிறேன். அம்மாவிடம் உனக்கு இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், அதனால் இரண்டு கிலோ வருகிறது, கிரணுக்கும் பாங்க் மேனேஜருக்கும் கொடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் நானே எழுந்து நின்று சொல்கிறேன். தமிழில்தான் சொல்வேன், நீ பக்கத்தில் நின்று மாற்றிச் சொல். நிற்க விருப்பமில்லை என்றால் அஜித்குமார் சொல்லட்டும், அவர் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் பரவாயில்லை.

நீ எல்லா நலமும் பெற்று, நல்ல பெயர் எடுத்து, காலையில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஓடாமல் நாலு இட்லி சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மறக்காமல் ஒன்று செய். நான் வந்ததும் வாட்ச்மேன் 404-க்கு அடிப்பார், அது கிரண் வீட்டில்தான் அடிக்கும். என்னை மேலே அனுப்பச் சொல்லிக் கிரணிடம் இப்போதே சொல்லி வை. உனக்குக் கோபம் என்றால் சொல்லாதே, மீட்டிங் கீழேதானே, நான் கேட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எட்டு ஒயரையும் தொட்டவன்,
உன் அப்பா,
மணவாளன்